தினமும் தோட்டாவை ஏற்றி இறக்கும் வாசகருக்கு

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு வாசகரின் கடிதம் இது. வயது 41. வேலை நிமித்தமாகப் பெரிய தொகைகளைக் கொண்டு செல்பவர். முறையான உரிமத்தோடு 9 எம்.எம். பிஸ்டல் ஒன்றை ஒன்றரை வருடமாக இடுப்பில் வைத்திருக்கிறார். வீட்டில் மனைவி, 9 வயது மகள், 4 வயது மகன். இரவு வந்ததும் தோட்டாக்களை இறக்கி, பிஸ்டலைத் தோல் உறையோடு அலமாரியின் மேல்தட்டில் துணிகளுக்குப் பின்னால் வைக்கிறார். தோட்டாக்கள் அடுக்கியிருக்கும் மேகசின் மேசை இழுப்பறையில் இருக்கும். காலையில் அதே தோட்டாவைத் திரும்ப சேம்பரில், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையில், ஏற்றிக்கொண்டு கிளம்புகிறார். ஞாயிறுதோறும் "சொட்டச் சொட்ட" எண்ணெய் போடுகிறார். வருடத்துக்கு இரண்டு முறை சுடுபயிற்சி ரேஞ்சுக்குப் போய் நூறு நூறு தோட்டா சுடுகிறார். கடைசியாகப் போனபோது குண்டுகள் எல்லாம் இலக்கின் கீழே இடப்பக்கம் விழுந்தன. ஒருமுறை ஸ்லைடு (பிஸ்டலின் முன்னும் பின்னும் ஓடும் மேல்பகுதி) முழுதாக மூடவில்லை, ஒருமுறை டிரிகரை அழுத்தியும் வெடிக்கவில்லை.

போன மாதம் நடந்ததுதான் அவரை எழுத வைத்திருக்கிறது. தூக்கக் கலக்கத்தில் முதலில் ஸ்லைடை இழுத்து, தோட்டா வெளியே விழுந்ததைப் பார்த்து, அதன் பிறகு மேகசினைக் கழற்றினார். பிரித்துத் துடைப்பதற்காக டிரிகரை அழுத்தப் போன நேரத்தில், சேம்பர் ஓரத்தில் பித்தளை மின்னியது. உள்ளே இன்னொரு தோட்டா. மனைவி அன்றிலிருந்து "இது இந்த வீட்டில் வேண்டாம்" என்கிறார். "நான் பயப்படுவது அதிகமா? எந்த லாக்கர் வாங்கலாம்? வீட்டில் தோட்டா இல்லாமல் டிரிகரை அழுத்திப் பழகினால் துப்பாக்கி கெட்டுவிடுமா?" என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பயம் அதிகமில்லை. ஆனால் தப்பான இடத்தைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள். எந்த லாக்கர், துப்பாக்கி கெட்டுவிடுமா என்று கேட்கிறீர்கள். நான் உங்கள் கடிதத்தில் முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தது வேறு: வேலை நாள் ஒன்றுக்கு ஒரு முறை ஏற்றி, ஒரு முறை இறக்குகிறீர்கள். ஒன்றரை வருடத்தில் கிட்டத்தட்ட 900 தடவை, அதுவும் பாதி தூக்கத்தில், பாதி அவசரத்தில். உறையில் இருக்கும் பிஸ்டல் தானாக வெடிப்பது மிக அரிது. வீட்டில் தவறுதலாக வெடிப்பதெல்லாம் பெரும்பாலும் ஏற்றும்போது, இறக்கும்போது, துடைக்கும்போது, எடுத்துக் காட்டும்போதுதான். ஆகவே முதல் வேலை கை படும் தடவையைக் குறைப்பது. அடுத்த வேலை, கை பட்டே ஆகவேண்டிய தடவைகளை ஒரே இடத்தில், ஒரே வரிசையில் செய்வது.

போன மாதம் என்ன நடந்தது என்பதைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். மேகசின் உள்ளே இருக்கும்போது ஸ்லைடை இழுத்துவிட்டால், சேம்பரில் இருந்த தோட்டா வெளியே விழும். ஸ்லைடு முன்னே போகும்போதே மேகசினின் மேல் தோட்டாவைத் தள்ளி அதே இடத்தில் உட்கார வைத்துவிடும். ஒரு தோட்டா விழுந்ததைக் கண்ணால் பார்த்ததால் "காலி" என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. பிரிப்பதற்கு டிரிகரை அழுத்தியே ஆகவேண்டிய பிஸ்டல்கள் உண்டு. க்ளாக் வகை அப்படித்தான், உங்களுடையதும் அந்த இனம். இந்த இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நீங்கள் ஒரு விரற்கடை தூரத்தில் பார்த்துவிட்டீர்கள்.

இறக்கும் வரிசை

வீட்டில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். படுக்கையறையும் கூடமும் வேண்டாம். ஒரு பெரிய வாளியில் குறைந்தது 40 செ.மீ. ஆழத்துக்குக் காய்ந்த மணல் நிரப்பி அங்கே வையுங்கள். ஏற்றுவதும் இறக்குவதும் குழல் அந்த மணலைப் பார்த்தபடிதான். செங்கல் சுவர் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள்; அதில் பட்டது எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சொல்ல முடியாது. பலகைச் சுவர், கதவு, மெத்தை எதுவும் 9 எம்.எம். குண்டை நிறுத்தாது.

விரல் டிரிகர் வளையத்துக்கு வெளியே, ஸ்லைடின் பக்கவாட்டில் நீட்டியபடி இருக்கட்டும். முதலில் மேகசினை எடுத்துச் சட்டைப்பையில் போடுங்கள். மேசையில் வைத்தால் கவனக்குறைவில் கை மறுபடி அதைச் செருகிவிடும். பிறகுதான் ஸ்லைடு. இழுக்கும்போது வெளியேறும் தோட்டாவைப் பிடிக்க உள்ளங்கையால் ஸ்லைடின் பக்கத் துளையை மூடுபவர்கள் நிறையப் பேர். அந்தப் பழக்கம் வேண்டவே வேண்டாம். வெளியே போக முடியாத தோட்டா திரும்பி, அதன் பிரைமர் (அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), தோட்டாவை வெளியே தட்டிவிடும் எஜெக்டரின் முனையில் இடித்தால் கைக்குள்ளேயே வெடிக்கும். தரையில் விழட்டும், பொறுமையாக எடுத்துக்கொள்ளலாம். கடைசியாக ஸ்லைடைப் பின்னால் பூட்டி நிறுத்தி, சேம்பரைக் கண்ணால் பார்த்து, சுண்டு விரல் நுனியை உள்ளே விட்டுத் தடவுங்கள். மேகசின் குழியையும் பாருங்கள். தலையை வேறு பக்கம் திருப்பிவிட்டு இன்னொரு முறை பாருங்கள். கேட்கச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். ஆனால் முதல் தடவை கண் எதிர்பார்த்ததைத்தான் பார்க்கும், இருப்பதைப் பார்க்காது.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கை தவறிப் பிஸ்டல் விழுந்தால் பிடிக்கப் பாயாதீர்கள். இக்காலப் பிஸ்டல்கள் பெரும்பாலானவற்றில், டிரிகர் அழுத்தப்படாதவரை, பிரைமரை அடிக்கும் ஃபயரிங் பின்னைத் தடுத்து நிறுத்தும் அமைப்பு உண்டு. அந்தரத்தில் பிடிக்கப் போகும் விரல் நுழைவதோ டிரிகர் வளையத்துக்குள். விழட்டும்.

அந்த ஒரே தோட்டா

நீங்கள் கேட்காத, ஆனால் எனக்கு அதிகம் உறுத்திய விஷயம் இது. தினமும் காலையில் அதே தோட்டாவை ஏற்றுவதாக எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் ஸ்லைடு அதைச் சேம்பர் வாயிலுள்ள சாய்தளத்தில் மோத வைத்துத்தான் சேம்பருக்குள் தள்ளுகிறது. குண்டு, கேஸ் எனப்படும் பித்தளைக் கூட்டின் வாயில் இறுக்கத்தால் மட்டுமே நிற்பது. பல தடவை மோதினால் மயிரிழை மயிரிழையாக உள்ளே இறங்கும். வெடிமருந்துக்கு இருக்கும் இடம் குறையும், சுடும்போது அழுத்தம் ஏறும். 9 எம்.எம். சின்னக் கேஸ், ஏற்கெனவே அதிக அழுத்தத்தில் வேலை செய்வது. கொஞ்சம் இறங்கினாலும் கேஸ் பிளக்கும் அளவுக்குப் போகலாம்.

இன்றைக்கே அதை எடுத்து, அதே பெட்டியிலிருந்து ஒரு புதுத் தோட்டாவைப் பக்கத்தில் மேசைமீது நிறுத்திப் பாருங்கள். 9 எம்.எம். தோட்டாவின் நீளத்துக்கு உச்ச வரம்பு 29.69 மி.மீ. என்று தரநிர்ணயம் இருந்தாலும் நிறுவனத்துக்கு நிறுவனம் நீளம் மாறும். அதனால் எண்ணோடு ஒப்பிடுவதைவிடப் பெட்டி உடன்பிறப்போடு ஒப்பிடுவதே சரி. கண்ணுக்குத் தெரியும்படி குட்டையாக இருந்தால் சுட வேண்டாம். ரேஞ்சில் பழுதான தோட்டாக்களைச் சேர்க்கும் பெட்டியில் போட்டுவிடுங்கள். இனிமேல் இரண்டு மூன்று தடவை சேம்பர் ஏறிய தோட்டா பயிற்சிக்குப் போகவேண்டியதுதான். இதற்குப் பயந்து தோட்டாவைக் கையால் நேராக சேம்பரில் போட்டு ஸ்லைடை விடுவதும் தப்பு. மேகசினிலிருந்து ஏறும்போது கேஸின் விளிம்பு, அதை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கியின் அடியில் வழுக்கிச் செல்லும்; கையால் போட்டால் கொக்கி விளிம்பின் மேலே ஏறிக் குதிக்க வேண்டும். பல பிஸ்டல்களில் கொக்கி உடைவது இப்படித்தான்.

இடுப்பில் வியர்வையோடு அலையும் தோட்டாக்கள் எல்லாவற்றையும் வருடத்துக்கு ஒருமுறை ரேஞ்சில் சுட்டுத் தீர்த்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

வீட்டில் வைப்பது

அலமாரி மேல்தட்டு ஒளிவிடம், அவ்வளவுதான். பிள்ளைகளுக்கு வீட்டில் எது எங்கே இருக்கிறது என்பது நம்மைவிட நன்றாகத் தெரியும்; நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறவும் தெரியும். "நாலு வயதுக் குழந்தையால் டிரிகரை அழுத்த முடியாது" என்று எழுதியிருக்கிறீர்கள். முடியும். உங்கள் பிஸ்டலின் டிரிகரை அழுத்தச் சுமார் இரண்டரை கிலோ விசை போதும். ஆள்காட்டி விரலால் அழுத்த வலுவில்லாத குழந்தை, பிடியை இரு கையாலும் பற்றிக் குழலைத் தன் பக்கம் திருப்பி, இரண்டு கட்டை விரலாலும் தள்ளும். அது எந்தத் திசையைப் பார்க்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

உங்களுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவதும் எனக்குப் பிடித்ததும்: துப்பாக்கி உங்களுக்கு வேலை நேரத்தில்தான் தேவை, ஆகவே உரிமமும் நிறுவனமும் அனுமதித்தால் வேலையிடத்தின் பெட்டகத்திலேயே விட்டுவிட்டு வருவது. வீட்டுக் கவலையே தீர்ந்தது. இரண்டாவது, வீட்டில் முழுக்க இறக்கி, பிஸ்டல் ஒரு பூட்டிலும் தோட்டா வேறொரு பூட்டிலும் இருப்பது. குழந்தைகள் உள்ள வீட்டுக்கு மருத்துவர்கள் பரிந்துரைப்பது இதைத்தான். இதில் ஏற்றி இறக்கும் வேலை தொடரும், மணல் வாளி ஒழுங்கு கட்டாயம். மூன்றாவது, உறையிலிருந்து உருவாமல், இடுப்பிலிருந்து உறையோடு கழற்றி, சுவரில் போல்ட் போட்ட லாக்கருக்குள் அப்படியே வைத்துப் பூட்டுவது. கை படுவது மிகக் குறைவு. ஆனால் முழுப் பாரமும் அந்த ஒரு பூட்டின் மேல் விழுகிறது. உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது: வேலையிடம் சரிப்படாவிட்டால் இரண்டாவது வழி. சட்டம் ஊருக்கு ஊர் மாறும். சில இடங்களில் இந்தத் தேர்வே உங்களிடம் இல்லை. உரிமத்தின் நிபந்தனைத் தாளை ஒருமுறை வரிவரியாகப் படித்துவிடுங்கள்.

லாக்கர் எந்த நிறுவனம் என்பது அவ்வளவு முக்கியமில்லை. போல்ட் போடாத பெட்டியைத் திருடன் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போவான். கைரேகைப் பூட்டு வியர்த்த விரலுக்கும் உலர்ந்த விரலுக்கும் மக்கர் செய்யும். அதை வாங்கினால் எண் பொத்தானும் சாவியும் சேர்ந்தே இருக்க வேண்டும், பேட்டரியை நாள் குறித்து மாற்ற வேண்டும். பேட்டரியே தேவைப்படாத இயந்திரப் பொத்தான் பூட்டு எனக்கு நம்பிக்கையானது. எண்ணாகப் பிள்ளையின் பிறந்த நாளை வைக்காதீர்கள். சாவி உங்கள் உடம்பிலோ இன்னொரு பூட்டுக்குள்ளோ இருக்கட்டும். உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பை போடுங்கள். துப்பாக்கியின் வரிசை எண்ணைத் தனியே எழுதி வையுங்கள். காணாமல் போனால் புகாரில் முதலில் கேட்பார்கள்.

உங்கள் தோல் உறைக்கு வருகிறேன். தோல் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், பதனிட்ட ரசாயனமும் அதில் இருக்கும். இரவெல்லாம் அதற்குள் கிடந்தால் ஸ்லைடின் ஓரங்களில் துரு பிடிக்கும். அதைவிட முக்கியம், பழகித் தளர்ந்த தோலின் வாய் உள்பக்கம் மடங்கி, பிஸ்டலைத் திரும்பச் செருகும்போது டிரிகரில் போய் நிற்கும். கைடெக்ஸ் பிளாஸ்டிக் போன்ற கெட்டியான பொருளில், டிரிகர் வளையத்தை முழுக்க மூடும், துப்பாக்கி வெளியே இருக்கும்போதும் வாய் விரிந்தே நிற்கும் உறைக்கு மாறுங்கள். உருவுவதில் வேகம் வேண்டுமானால் காட்டுங்கள். செருகுவதில் எந்த அவசரமும் இல்லை: சட்டை நுனியை விலக்கி, குனிந்து கண்ணால் பார்த்து, மெதுவாக.

எண்ணெய்

ரேஞ்சில் வந்த இரண்டு கோளாறுக்கும் உங்கள் ஞாயிற்றுக்கிழமைதான் காரணமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இடுப்பில் இருக்கும் துப்பாக்கி துணி நூலையும் தூசியையும் வாங்கிக்கொண்டே இருக்கும். சொட்டும் எண்ணெயில் அது குழைந்து பசையாகிவிடும். ஸ்ட்ரைக்கர் (உங்கள் பிஸ்டலில் ஃபயரிங் பின்னாக வேலை செய்வது) ஓடும் குழிக்குள் அந்தப் பசை சேர்ந்தால் ஸ்ட்ரைக்கர் தளர்ந்து அடிக்கும். பிரைமரில் ஆழமில்லாத ஒரு குழி விழும், வெடிக்காது. உங்கள் வெடிக்காத தோட்டாவை வைத்திருந்தால் பின்புறத்தைப் பாருங்கள். சேம்பரிலும் ஸ்லைடு ஓடும் தண்டவாளத்திலும் சேர்ந்தால் ஸ்லைடு கடைசி இரண்டு மில்லிமீட்டரில் நின்றுவிடும். நீங்கள் சுட்டிருப்பது மொத்தம் சில நூறுதான், ஆகவே ஸ்லைடை முன்னே தள்ளும் ரிகாயில் ஸ்பிரிங்கைச் சந்தேகிக்க வேண்டாம். அது சில ஆயிரம் சுற்றுகளுக்கு ஒருமுறை மாற்றுவது. சரியான எண்ணிக்கை கையேட்டில் இருக்கும்.

துடைக்க உட்காரும்போது அந்த அறையில் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது. குழலுக்குள் கரைப்பான், வெண்கலப் பிரஷ், பிறகு அழுக்கில்லாமல் வரும்வரை துணித்துண்டுகள். குழல் தனியே கழன்று வருவதால் சேம்பர் பக்கமிருந்தே தள்ளுங்கள், வாய் விளிம்பு தேயாது. எண்ணெய் மொத்தம் ஏழெட்டுச் சொட்டு போதும்: தண்டவாளங்கள் நான்குக்கும் ஒவ்வொன்று, குழலின் மேல் முதுகில் ஒன்று, வாய்ப்பக்க வெளிச்சுற்றில் ஒன்று, டிரிகர் பட்டை, கனெக்டர் என்ற சிறு தகட்டோடு உரசும் மூலையில் ஒன்று. ஸ்ட்ரைக்கர் குழி, மேகசினின் உட்புறம், சேம்பர் மூன்றும் உலர்ந்தே இருக்க வேண்டும். எண்ணெய் மேகசினுக்குள் ஊறினால் பிரைமர் வழியாகத் தோட்டாவைக் கெடுக்கும். வீட்டில் கீலுக்கு அடிக்கும் டபிள்யூ.டி.-40 ஈரத்தை விரட்டத்தான். அதை நம்பித் துப்பாக்கியை ஓட்ட வேண்டாம். சுட்டால் அன்றே சுத்தம், சுடாத மாதத்தில் ஒருமுறை நூலையும் தூசியையும் துடைப்பது. வாரா வாரம் பிரிக்கத் தேவையே இல்லை.

மேகசின்களில் 1, 2, 3 என்று எண் எழுதுங்கள். சிக்கல் எப்போதும் 2-ஆம் எண்ணில்தான் வருகிறது என்றால் குற்றம் துப்பாக்கியில் இல்லை. நிறைத்தே வைத்திருந்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிடும் என்ற கவலையை விடுங்கள். அழுந்திக் கிடப்பதைவிட அழுந்தி விரிவதில்தான் அது அதிகம் களைக்கும்.

தோட்டா இல்லாத பயிற்சி

பிரைமர் தோட்டாவின் அடி நடுவில் இருக்கும் சென்டர்ஃபயர் வகையில், இக்காலப் பிஸ்டல்கள் இதனால் பொதுவாகக் கெடாது. அதிகம் செய்பவர்கள் சேம்பரில் மருந்தில்லாத டம்மி தோட்டா போட்டுக்கொள்ளலாம். தோட்டாவின் விளிம்பில் பின் அடிக்கும் .22 ரிம்ஃபயர் வகையில் மட்டும் வேண்டாம். பின் நேரே சேம்பர் விளிம்பில் போய் இடிக்கும்.

கெடக்கூடியது உங்கள் ஒழுங்குதான். இறக்கி, சோதித்து, தோட்டா அனைத்தையும் வேறு அறையில் பூட்டிவிட்டு ஆரம்பியுங்கள். இலக்கை ஒட்டுவது குண்டைத் தாங்கும் பரப்பில், தொலைக்காட்சி இலக்கல்ல. செல்பேசி அணைந்திருக்கட்டும், பிள்ளைகள் விழித்திருக்கும் நேரம் வேண்டாம். வாரம் மூன்று நாள், பத்தே நிமிடம். குழல் முனைப் பக்கமுள்ள முன் குறியின் மேல் ஒரு நாணயத்தை நிறுத்தி, அது விழாமல் டிரிகர் விடுபடும்வரை அழுத்திப் பாருங்கள். முடிந்ததும் இலக்கைக் கிழித்தெடுத்து, "முடிந்தது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். காரணம் இருக்கிறது. இந்தப் பயிற்சியில் விபத்து நடப்பது பெரும்பாலும் கடைசி அழுத்தத்தில். முடித்து, ஏற்றி, எடுத்து வைக்கும்போது "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று தோன்றும்; இலக்கு இன்னும் சுவரிலேயே இருக்கும். கிழித்துவிட்டால் குறிபார்க்க ஒன்றும் இருக்காது.

கீழே இடப்பக்கம் விழும் குண்டுகளுக்கு முன் குறியைத் திருகாதீர்கள். வலக்கையால் சுடுபவர் சத்தத்தை எதிர்பார்த்து முன்கூட்டியே கையை இறுக்கினால் அங்கேதான் விழும். ரேஞ்சில் ஒரு நண்பரை விட்டு மேகசினில் உங்களுக்குத் தெரியாமல் இரண்டு டம்மிகளைக் கலக்கச் சொல்லுங்கள். டம்மி வரும்போது குழல் தலைகுனிவதை நீங்களே காண்பீர்கள். வருடத்தில் இரண்டு நாள் நூறு நூறாகச் சுடுவதைவிட மாதம் 50 சுடுவது நல்லது. அதிலும் முதல் ஐந்தை 5 மீட்டரில், கை சூடேறுவதற்கு முன் சுட்டு, அந்தத் தாளில் தேதி போட்டு எடுத்து வையுங்கள். உங்கள் உண்மையான தரம் அந்த ஐந்துதான்.

"டப்" என்று சத்தம் குறைந்து, உதையும் குறைந்தால் உடனே நிறுத்துங்கள். குண்டு குழலில் சிக்கியிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும். அழுத்தியும் வெடிக்காவிட்டால் குழலை இலக்கின் பக்கமே வைத்து 30 விநாடி காத்திருந்து பிறகு வெளியேற்றுங்கள். காதுக்கு அடைப்பானும் மேலே மூடியும் இரண்டுமே போடுங்கள், 9 எம்.எம். சத்தம் 160 டெசிபல் அளவு, ஒரே வெடிக்குக் காது கெட 140 போதும். கண்ணாடி கட்டாயம். பிரைமர் புகையில் ஈயம் உண்டு: சாப்பிடும் முன் குளிர்ந்த நீரும் சோப்பும் போட்டுக் கைமுகம் கழுவுங்கள், போட்டிருந்த சட்டையோடு பிள்ளைகளைத் தூக்காதீர்கள்.

உங்கள் மனைவி சொல்வதை வெறும் பயம் என்று ஒதுக்காதீர்கள். மணல் வாளியையும் பூட்டையும் அவருக்குக் காட்டுங்கள். விருப்பமிருந்தால் இறக்கும் வரிசையை டம்மி தோட்டாவோடு அவரும் கற்றுக்கொள்ளட்டும். உங்களுக்கு ஏதாவது ஆனால் அந்தப் பொருளைக் கையாள வேண்டியவர் அவர்தானே. மகளிடம் ஒளிக்காமல் ஒரே பாடம் சொல்லுங்கள்: எங்கே பார்த்தாலும் தொடாதே, அந்த இடத்தைவிட்டு நகர், பெரியவரிடம் சொல். இந்தப் பாடம் பூட்டுக்குக் கூடுதல். பூட்டுக்குப் பதில் ஆகாது. வீட்டில் யாராவது, நீங்கள் உட்பட, மனம் உடைந்தோ தூக்கமில்லாமலோ குடித்தோ இருக்கும் நாட்களில் துப்பாக்கி வீட்டிலேயே இருக்கக் கூடாது. சட்டப்படி ஒப்படைத்து வைக்கக்கூடிய இடம் உங்கள் பகுதியில் எது, உரிமம் பெற்ற வணிகரா, ரேஞ்சா, காவல் நிலையமா என்பதை அமைதியான இந்த வாரத்திலேயே விசாரித்து, அதன் தொலைபேசி எண்ணை மனைவியிடமும் கொடுத்துவிடுங்கள்.